மறைந்திருக்கும் ரெக்கவரி பார்ட்டிஷனை அழித்து இடம் மீட்கலாமா?

வாசகர் கேள்வி: என் லேப்டாப்பில் 256 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 11. ஆனால் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் மொத்தமே 238 ஜிபி என்றுதான் காட்டுகிறது. அதிலும் சி டிரைவுக்கு 220 ஜிபிதான். மீதியில் பெயரில்லாத மூன்று துண்டுகள் இருக்கின்றன: சி-க்கு முன்னால் 260 எம்பி, சி-க்குப் பின்னால் 990 எம்பி, கடைசியில் 16.5 ஜிபி. கடைசி இரண்டிலும் 'ரெக்கவரி பார்ட்டிஷன்' என்று எழுதியிருக்கிறது. ரைட் கிளிக் செய்தால் 'ஹெல்ப்' தவிர வேறெதுவும் வரவில்லை. சி டிரைவ் சிவப்புக்குப் போய்விட்டது. இந்த மூன்றையும் அழித்து சி-யோடு சேர்க்க முடியுமா? பிறகு விண்டோஸ் கெட்டுப்போனால் என்ன வழி? வீட்டில் ஒரு பழைய விண்டோஸ் 7 லேப்டாப்பும் இருக்கிறது. அதிலும் இதையே செய்யலாமா?

பதில்: மூன்றையும் அழிக்கக் கூடாது. 16.5 ஜிபி துண்டு போகலாம். 990 எம்பி துண்டு இருக்க வேண்டும், ஆனால் இடம் மாற வேண்டும். 260 எம்பி துண்டின் பக்கமே போகாதீர்கள். அதுதான் இஎஃப்ஐ பார்ட்டிஷன். கணினி எழுந்ததும் விண்டோஸை எங்கே தேடுவது என்று அங்கேதான் பார்க்கிறது.

முதலில் அந்த 256, 238 குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். காணாமல் போன 18 ஜிபியை ரெக்கவரி பார்ட்டிஷன் விழுங்கவில்லை. எஸ்எஸ்டி தயாரிப்பவர்கள் ஒரு ஜிபியை 100 கோடி பைட் என்று கணக்கிடுகிறார்கள். விண்டோஸோ 107 கோடியே 37 லட்சத்துச் சொச்சம் பைட்டை ஒரு ஜிபி என்கிறது. 25,600 கோடி பைட்டை இதால் வகுத்தால் 238 வரும். 512 ஜிபி வாங்கியவருக்கு 476 காட்டுவதும் இதே கணக்கில்தான். எதை அழித்தாலும் அந்த 18 திரும்பாது. உங்களுக்குக் கிடைக்கக்கூடியது 16.5 ஜிபி மட்டுமே. சி டிரைவின் அளவில் 7.5 சதவீதம். அந்த அளவு லாபத்துக்குத்தான் இவ்வளவு வேலையும் என்பது தெரிந்தே இறங்குங்கள்.

இனி எந்தத் துண்டு எதற்கு என்று பார்ப்போம். 990 எம்பி துண்டில் இருப்பது விண்டோஸின் சொந்த மீட்புச் சூழல், விண்ஆர்இ என்பார்கள். விண்டோஸ் தொடர்ந்து இரண்டு முறை எழ முடியாமல் தடுமாறினால் நீலத் திரையில் 'ட்ரபிள்ஷூட்' என்று வருமே, அது இங்கிருந்துதான் வருகிறது. ஸ்டார்ட்அப் ரிப்பேர், சேஃப் மோடு, கோளாறு செய்த அப்டேட்டை நீக்குவது, 'ரீசெட் திஸ் பிசி' எல்லாம் இதன் வழியாகத்தான். 1 ஜிபிகூட இல்லாத இதை அழித்து லாபம் பார்ப்பது வீண் வேலை.

16.5 ஜிபி துண்டு லேப்டாப் தயாரித்த நிறுவனம் வைத்தது. வாங்கிய அன்று கணினி எப்படி இருந்ததோ அந்த நிலையின் முழுப் பிரதி அதில் இருக்கும். எச்பி-யில் எஃப்11, ஏசரில் ஆல்ட்+எஃப்10, ஏசஸில் எஃப்9 என்று எழும்போது ஒரு விசையை அழுத்தினால் இந்தப் பிரதி வேலைக்கு வரும். ஆனால் விண்டோஸ் 10, 11-இன் 'ரீசெட் திஸ் பிசி' இந்தப் பிரதியைத் தொடுவதே இல்லை. சி டிரைவில் இருக்கும் சிஸ்டம் ஃபைல்களைக் கொண்டே அது விண்டோஸைத் திரும்பக் கட்டுகிறது. 'கிளவுட் டவுன்லோட்' தேர்ந்தெடுத்தால் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும். ஆகவே பெரிய துண்டை அழித்தாலும் ரீசெட் வசதி போகாது. போவது தொழிற்சாலை நிலைக்குத் திரும்பும் வழி மட்டுமே. அது உங்களுக்கு வேண்டுமா என்பதுதான் கேள்வி. அதில் வருவது வாங்கிய நாளின் பழைய விண்டோஸ், பழைய டிரைவர்கள், கூடவே நீங்கள் ஏற்கெனவே தேடித் தேடி நீக்கிய சோதனைப் பதிப்பு மென்பொருள்கள்.

இவையெல்லாம் பொதுவாக இருக்கும் நிலை. உங்கள் லேப்டாப்பிலும் அப்படித்தானா என்று உறுதி செய்யாமல் எதையும் அழிக்கக் கூடாது. சில மாடல்களில் விண்ஆர்இ பெரிய துண்டுக்குள்ளேயே குடியிருக்கும். சின்னது பழைய அப்டேட் விட்டுப்போன வெற்றுக் கூடாக இருக்கும். கமாண்ட் ப்ராம்ப்ட்டை 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று திறந்து இதைக் கொடுங்கள். கட்டளைகளை இங்கே ஒலிப்பில் எழுதியிருக்கிறோம். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். ரீ, ஏஜென்ட், சி மூன்றும் இடைவெளி இல்லாமல் ஒரே சொல்.

ரீஏஜென்ட்சி /இன்ஃபோ

விடையில் 'எனேபிள்டு' என்று இருக்கிறதா பாருங்கள். அதற்குக் கீழே நீளமான ஒரு வரி வரும். அதில் 'ஹார்ட்டிஸ்க்0', 'பார்ட்டிஷன்4' என்று எண்கள் இருக்கும். விண்ஆர்இ எந்தத் துண்டில் இருக்கிறது என்பதற்கு அந்த எண்தான் அத்தாட்சி. குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து:

டிஸ்க்பார்ட்
லிஸ்ட் டிஸ்க்
செலக்ட் டிஸ்க் 0
லிஸ்ட் பார்ட்டிஷன்

இதற்கு முன்பே பென்டிரைவ், வெளி ஹார்ட்டிஸ்க் எல்லாவற்றையும் பிடுங்கிவிடுங்கள். லிஸ்ட் டிஸ்க்கில் 238 ஜிபி என்று ஒன்றே ஒன்று தெரிந்தால் தவறான டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கும் பேச்சுக்கே இடமில்லை. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் பட்டியல் இப்படி வரலாம்: 1 சிஸ்டம், 260 எம்பி, 2 ரிசர்வ்டு, 16 எம்பி, 3 பிரைமரி, 220 ஜிபி, 4 ரெக்கவரி, 990 எம்பி, 5 ரெக்கவரி, 16 ஜிபி. இரண்டாவதாக வரும் 16 எம்பி துண்டு டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் தெரியாது. அது விண்டோஸ் தனக்கென ஒதுக்கிக்கொண்டது, இருந்துவிட்டுப் போகட்டும். எண் வரிசையும் டிஸ்க்கில் துண்டுகள் இருக்கும் வரிசையும் எப்போதும் ஒத்துப்போகும் என்று நம்பாதீர்கள். கடைசிப் பத்தியில் 'ஆஃப்செட்' என்று ஓர் எண் இருக்கும். துண்டு எங்கே தொடங்குகிறது என்பதை அதுதான் சொல்லும்.

ஐந்தாவது துண்டுக்குள் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்க 'செலக்ட் பார்ட்டிஷன் 5', பிறகு 'அசைன் லெட்டர்=ஆர்'. இப்போது டிஸ்க்பார்ட்டை அப்படியே விட்டுவிட்டு, இன்னொரு கமாண்ட் ப்ராம்ப்ட்டில் ஆர் டிரைவை 'டிர் /ஏ' கொடுத்துப் பாருங்கள். அந்த /ஏ முக்கியம். மறைக்கப்பட்ட ஃபைல்கள் அது இல்லாமல் தெரியாது. விம் அல்லது எஸ்டபிள்யூஎம் என்று முடியும் பெரிய பெரிய ஃபைல்கள் இருந்தால் அது தொழிற்சாலைப் பிரதிதான். பார்த்து முடித்ததும் 'ரிமூவ் லெட்டர்=ஆர்'. உங்கள் கணினியிலேயே வேறு யாராவது பேக்கப் என்று எதையாவது அங்கே போட்டு வைத்திருந்தால் அதுவும் இப்போதே தெரிந்துவிடும்.

அழிக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை சில. முதலாவது, ஒரு பென்டிரைவ். தேடல் பெட்டியில் 'ரெக்கவரி டிரைவ்' என்று தட்டினால் விண்டோஸ் தரும் கருவி வரும். அதில் சிஸ்டம் ஃபைல்களையும் சேர்த்து எடுக்கும் கட்டத்தில் டிக் இருக்கட்டும். 32 ஜிபி பென்டிரைவ் என்றால் தாராளம். அதிலிருக்கும் எல்லாம் அழிந்துவிடும். வேலை முடிய ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம், பாதியில் நின்றதுபோல் தெரிந்தாலும் பிடுங்காதீர்கள். தொழிற்சாலை நிலையேதான் வேண்டும் என்றால் எச்பி, டெல், லெனோவோ மூன்றும் தங்கள் தளத்தில் அதற்கென்று கருவி வைத்திருக்கின்றன. சீரியல் எண்ணைக் கொடுத்தால், உங்கள் மாடல் பட்டியலில் இருக்கும் பட்சத்தில், அந்தப் பிரதியைப் பென்டிரைவுக்கே இறக்கித் தரும். வெறும் விண்டோஸ் போதும் என்பவர்களுக்கு மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூலும் 8 ஜிபி பென்டிரைவும் போதும். எடுத்த பென்டிரைவிலிருந்து ஒருமுறை பூட் செய்து முதல் திரை வரை வருகிறதா என்று பாருங்கள். பூட் ஆகாத பென்டிரைவை நம்பிப் பார்ட்டிஷனை அழித்தவர்கள்தான் பிறகு அதிகம் அல்லாடுகிறார்கள்.

இரண்டாவது, டிரைவர்கள். மைக்ரோசாஃப்ட் தரும் வெறும் விண்டோஸில் உங்கள் வைஃபை சிப்புக்கான டிரைவர் இல்லாமல் போகலாம். வைஃபை இல்லாமல் வைஃபை டிரைவரை எப்படி இறக்குவது? வெளி டிரைவில் 'டிரைவர்ஸ்' என்று ஒரு ஃபோல்டர் உண்டாக்கி, இதைக் கொடுங்கள்:

பிஎன்பியூட்டில் /எக்ஸ்போர்ட்-டிரைவர் * டி:\டிரைவர்ஸ்

'டி' இருக்கும் இடத்தில் உங்கள் வெளி டிரைவின் எழுத்து. தனியாக நிறுவிய டிரைவர்கள் அனைத்தும் அங்கே வந்து சேரும். இன்டெல் 11-ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தையதுமான பல லேப்டாப்களில் இன்னொரு சிக்கல் உண்டு: பென்டிரைவிலிருந்து விண்டோஸ் நிறுவப் போனால் எஸ்எஸ்டியே தெரியாது, பட்டியல் காலியாக வரும். எஸ்எஸ்டி செத்துவிட்டது என்று பதறுவார்கள். செத்திருக்காது. இன்டெல்லின் விஎம்டி டிரைவர் இல்லாததுதான் காரணம். அந்த டிரைவரை லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கி, ஜிப்பைப் பிரித்து, அதே பென்டிரைவில் போட்டு வையுங்கள். 'லோடு டிரைவர்' கொடுத்தால் எஸ்எஸ்டி தெரிந்துவிடும்.

மூன்றாவது, பிட்லாக்கர். டிரைவில் இருப்பதைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி அது. நான் எதையும் பூட்டவில்லையே என்பீர்கள். விண்டோஸ் 11 ஹோம் பதிப்பில்கூட, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததும் 'டிவைஸ் என்க்ரிப்ஷன்' தானாகவே இயங்கத் தொடங்கிவிடும் கணினிகள் நிறைய. 'மேனேஜ்-பிடிஇ -ஸ்டேட்டஸ்' கொடுத்துப் பாருங்கள். 'ப்ரொடெக்ஷன் ஆன்' என்று இருந்தால், 48 இலக்க மீட்பு எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அதைப் பார்த்துத் தாளில் எழுதி வையுங்கள். அதே கணினியில் சேமித்து வைத்துப் பயனில்லை. பிறகு 'மேனேஜ்-பிடிஇ -ப்ரொடெக்டர்ஸ் -டிஸேபிள் சி:' கொடுத்துப் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்துங்கள். அடுத்த ரீஸ்டார்ட்டுக்குப் பின் அது தானாகத் திரும்பிவிடும்.

விண்டோஸ் லைசென்ஸைப் பற்றிக் கவலை வேண்டாம். அது ரெக்கவரி பார்ட்டிஷனில் இல்லை. விண்டோஸ் 8-க்குப் பின் லேப்டாப்போடு வந்த விண்டோஸ் என்றால் அதன் எண் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். அதே பதிப்பைத் திரும்ப நிறுவினால் தானாக ஆக்டிவேட் ஆகும். கூடவே ஆஃபீஸும் வந்திருந்தால், அதை ஒருமுறையாவது உங்கள் கணக்கில் ஆக்டிவேட் செய்திருக்கிறீர்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி வேலைக்கு வருவோம். உங்கள் டிஸ்க்கில் உள்ள முடிச்சு துண்டுகளின் வரிசையில் இருக்கிறது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' உயிர்பெற வேண்டுமானால், காலி இடம் சி-க்கு வலப்பக்கத்தில், இடையில் ஒன்றும் இல்லாமல், ஒட்டி இருக்க வேண்டும். உங்களுக்கோ சி, 990 எம்பி, 16.5 ஜிபி என்று வரிசை. பெரியதை மட்டும் அழித்தால் காலி இடம் கடைசியில் கிடக்கும். நடுவில் 990 எம்பி சுவர். 'எக்ஸ்டெண்ட்' மங்கலாகவே இருக்கும். பாதிப் பேர் இங்கே வந்துதான் மாட்டிக்கொள்கிறார்கள். கோபத்தில் அந்தச் சின்னதையும் அழித்துவிடுகிறார்கள், விண்ஆர்இ போய்விடுகிறது.

அதற்குப் பதில், விண்ஆர்இ-யை முதலில் பத்திரமாக சி-க்குள் கொண்டுவந்து, இரண்டு துண்டுகளையும் அழித்து, சி-யை நீட்டி, கடைசியில் 1 ஜிபி விட்டு அங்கே விண்ஆர்இ-க்குப் புது இடம் கொடுக்க வேண்டும். இன்னொரு வழி, ஜிபார்ட்டட் என்ற இலவசப் பார்ட்டிஷன் மென்பொருளைப் பென்டிரைவில் போட்டு, அதிலிருந்து பூட் செய்து அந்த 990 எம்பி துண்டை மட்டும் வலக்கோடிக்கு நகர்த்துவது. சின்னத் துண்டு என்பதால் அதுவும் சீக்கிரம் முடியும். ஆனால் அப்போதும் முன்னால் விண்ஆர்இ-யை நிறுத்தி, பின்னால் திரும்ப இயக்கத்தான் வேண்டும். விண்டோஸ் கருவிகளோடேயே முடிவதால் முதல் வழியையே சொல்கிறோம்.

சார்ஜரைச் செருகிவிட்டு, அட்மினிஸ்ட்ரேட்டர் கமாண்ட் ப்ராம்ப்ட்டில்:

ரீஏஜென்ட்சி /டிஸேபிள்

இது விண்ஆர்இ-யை அழிப்பதில்லை. மீட்புச் சூழலின் ஃபைலை ரெக்கவரி பார்ட்டிஷனிலிருந்து எடுத்து சி டிரைவின் விண்டோஸ், சிஸ்டம்32, ரெக்கவரி ஃபோல்டருக்குள் கொண்டுவந்து வைக்கிறது. வைத்ததா என்று கண்ணால் பாருங்கள்:

டிர் /ஏ சி:\விண்டோஸ்\சிஸ்டம்32\ரெக்கவரி

'விண்ஆர்இ.விம்' என்ற பெயரில் சில நூறு எம்பி அளவில் ஒரு ஃபைல் இருக்க வேண்டும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் தேடினால் தெரியாது. அதற்கு மறைவு, சிஸ்டம் என்று இரண்டு அடையாளமும் உண்டு. இங்கே அந்த ஃபைல் இல்லை என்றால் அதோடு நில்லுங்கள், ஒரு படிகூட மேலே போகாதீர்கள். விண்டோஸ் நிறுவும் ஐஎஸ்ஓ-வில் (நிறுவத் தேவையான எல்லாவற்றையும் அடக்கிய ஒற்றை ஃபைல்) இருக்கும் இன்ஸ்டால்.விம் ஃபைலை 7-ஜிப்பில் திறந்தால், அதே ஃபோல்டர் பாதையில் இந்த ஃபைல் கிடைக்கும். உங்கள் விண்டோஸ் பதிப்புக்கான ஐஎஸ்ஓ-வாக இருக்க வேண்டும். எடுத்து வைத்துவிட்டுத் தொடரலாம்.

ஃபைல் இருக்கிறது என்றால், டிஸ்க்பார்ட்டுக்குள் போய்:

செலக்ட் டிஸ்க் 0
செலக்ட் பார்ட்டிஷன் 5
லிஸ்ட் பார்ட்டிஷன்

மூன்றாவது வரி எதற்கு என்றால், தேர்ந்தெடுத்த துண்டின் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி நிற்கும். நட்சத்திரம் 16 ஜிபி ரெக்கவரிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறதா? இருந்தால்:

டெலீட் பார்ட்டிஷன் ஓவர்ரைடு

'ஓவர்ரைடு' இல்லாமல் கொடுத்தால் பாதுகாக்கப்பட்ட பார்ட்டிஷன், அழிக்க முடியாது என்று மறுத்துவிடும். சேர்த்துக் கொடுத்தாலோ, நிச்சயமாகவா என்று ஒரு வார்த்தை கேட்காது. என்டர் தட்டியதும் முடிந்தது. அதனால்தான் ஒவ்வொரு முறையும் நட்சத்திரத்தைப் பார்க்கச் சொல்கிறோம். இதே மூன்று வரிகளை 4-க்கும் கொடுத்து, நட்சத்திரம் பார்த்து, 990 எம்பி துண்டையும் அழியுங்கள். இப்போது சி-க்கு வலப்பக்கத்தில் ஏறத்தாழ 17,880 எம்பி காலி.

செலக்ட் பார்ட்டிஷன் 3
எக்ஸ்டெண்ட் சைஸ்=16800

எண் எம்பி கணக்கில். சி விரிவது சில நொடிக் காரியம். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே நடக்கும். 16,800 போக மீதி 1,080 எம்பிபோலக் கடைசியில் நிற்கும். வெறும் 'எக்ஸ்டெண்ட்' என்று கொடுத்துவிட்டால் மொத்தத்தையும் சி எடுத்துக்கொள்ளும், விண்ஆர்இ-க்கு இடம் மிஞ்சாது. அப்படி ஆகிவிட்டால் 'ஷ்ரிங்க் டிசையர்டு=1024' கொடுத்து 1 ஜிபியைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

மிஞ்சிய இடத்தில் புது ரெக்கவரி பார்ட்டிஷன் உண்டாக்க வேண்டும். சாதாரணத் துண்டாக உண்டாக்கினால் அது விண்டோஸுக்கு ரெக்கவரி என்று புரியாது, டிரைவ் எழுத்தோடு வெளியே வந்து நிற்கும். அதற்கென்று நீளமான ஓர் அடையாளக் குறியும், மறைத்து வைக்க இன்னொரு எண்ணும் கொடுக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட்டின் கேபி5028997 என்ற உதவிக் குறிப்பில் இரண்டும் இருக்கின்றன. ஜிபிடி (துண்டுகளின் பட்டியலை டிஸ்க்கில் பதிந்து வைக்கும் புதிய முறை) டிஸ்க்குக்கான 'கிரியேட் பார்ட்டிஷன் பிரைமரி' வரி, 'ஜிபிடி ஆட்ரிபியூட்ஸ்' வரி, 'ஃபார்மட் குயிக்' வரி என மூன்று. அவற்றை அங்கிருந்து நகலெடுத்து அப்படியே ஒட்டுங்கள். அந்தக் குறியைக் கையால் தட்டாதீர்கள். ஓர் எழுத்து மாறினாலும் வேறு வகைத் துண்டாகிவிடும். உங்கள் டிஸ்க் ஜிபிடிதானா என்பதற்கு, லிஸ்ட் டிஸ்க்கில் கடைசிப் பத்தியில் நட்சத்திரம் இருந்தால் ஆம். விண்டோஸ் 11-ஓடு வந்த லேப்டாப் என்றால் ஜிபிடியாகவே இருக்கும்.

'எக்ஸிட்' கொடுத்து வெளியே வந்து:

ரீஏஜென்ட்சி /எனேபிள்
ரீஏஜென்ட்சி /இன்ஃபோ

'எனேபிள்டு' என்று வந்து, பார்ட்டிஷன் எண் புதிய துண்டைக் காட்ட வேண்டும். 3 என்று, அதாவது சி-யையே காட்டினால், அடையாளக் குறி சரியாக விழவில்லை என்று பொருள். பிட்லாக்கர் இல்லாத கணினியில் அதுவும் ஓடும். பிட்லாக்கர் இருந்தால், பூட்டிய டிரைவில் விண்ஆர்இ-யை இயக்க முடியாது என்று மறுக்கக்கூடும். தனித் துண்டு வேண்டும் என்று நாம் பிடிவாதம் பிடிக்க அதுவே முக்கியக் காரணம். கடைசியாக, ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்கள். 'ட்ரபிள்ஷூட்' உள்ள நீலத் திரை வந்தால் எல்லாம் சரி.

புதுத் துண்டை 500 எம்பிக்குக் குறுக்கிவிட்டு அதிலும் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். 2024 ஜனவரியில் விண்டோஸ் 10-க்கு வந்த கேபி5034441 என்ற அப்டேட், பிட்லாக்கரைச் சுற்றிப் போகும் ஓர் ஓட்டையை விண்ஆர்இ-யில் அடைக்க வந்தது. ரெக்கவரி பார்ட்டிஷனில் 250 எம்பி காலி இல்லாத கணினிகளில் எல்லாம் 0x80070643 என்ற பிழையோடு அது திரும்பத் திரும்பத் தோற்றது. மேலே சொன்ன உதவிக் குறிப்பே அந்தச் சிக்கலில் மாட்டியவர்கள் கையாலேயே துண்டைப் பெரிதாக்கிக்கொள்ள உதவியதுதான்.

என்ன தவறலாம்? மிக மோசமானது, இஎஃப்ஐ துண்டை அழித்துவிடுவது. அழித்த கணமே ஒன்றும் தெரியாது. விண்டோஸ் பாட்டுக்கு ஓடும். அடுத்த பூட்டில்தான் 'பூட் டிவைஸ் இல்லை' என்று நிற்கும். எனவே தவறு தெரிந்ததும் கணினியை அணைக்காதீர்கள். அந்த 260 எம்பி காலியாகத்தான் கிடக்கும். டிஸ்க்பார்ட்டில் 'கிரியேட் பார்ட்டிஷன் இஎஃப்ஐ சைஸ்=260', 'ஃபார்மட் குயிக் எஃப்எஸ்=ஃபேட்32', 'அசைன் லெட்டர்=எஸ்' கொடுத்துவிட்டு, வெளியே வந்து:

பிசிடிபூட் சி:\விண்டோஸ் /எஸ் எஸ்: /எஃப் யூஇஎஃப்ஐ

அணைத்த பிறகுதான் தெரிந்தது என்றால், விண்டோஸ் பென்டிரைவிலிருந்து பூட் செய்து ஷிஃப்ட்+எஃப்10 அழுத்தினால் கமாண்ட் ப்ராம்ப்ட் வரும். அங்கே இதையே செய்யலாம். ஆனால் அங்கே சி-யின் எழுத்து டி அல்லது இ என்று மாறியிருக்கக்கூடும், 'லிஸ்ட் வால்யூம்' கொடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சி-யையே அழித்துவிட்டால்? ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸின் துண்டை டிஸ்க்பார்ட் அழிக்க விடாது. வேறு ஏதாவது தகவல் துண்டு போய்விட்டால், அதன்மேல் எதையும் உண்டாக்காமல், ஃபார்மட் செய்யாமல், நீட்டாமல் நிறுத்திவிட்டு டெஸ்ட்டிஸ்க் போன்ற கருவியால் தேடினால் பெரும்பாலும் திரும்பக் கிடைக்கும். நீட்டிய பிறகு அந்த நம்பிக்கை குறைந்துகொண்டே போகும்.

இவ்வளவும் செய்து கிடைப்பது 16.4 ஜிபி. எந்தப் பார்ட்டிஷனையும் தொடாமலே அதில் கணிசமான பங்கு கிடைக்கக்கூடும் என்பதால், முதலில் இவற்றைச் செய்து பாருங்கள். செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ், 'டெம்ப்ரரி ஃபைல்ஸ்' போங்கள். அண்மையில் பெரிய அப்டேட் வந்திருந்தால் பழைய விண்டோஸ் முழுதாக அங்கே கிடக்கும். 10 நாளில் தானாகப் போகும், அவசரம் என்றால் இப்போதே நீக்கலாம். ஹைபர்னேஷன் ஃபைல் இயல்பாக ரேமின் அளவில் 40 சதவீதம். 16 ஜிபி ரேம் என்றால் 6 ஜிபிக்கு மேல். ஹைபர்னேட் பயன்படுத்தாதவர்கள் 'பவர்சிஎஃப்ஜி /எச் ஆஃப்' கொடுத்தால் அது முழுதும் திரும்பும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் கூடவே போகும், எஸ்எஸ்டியில் அது பெரிய இழப்பில்லை. சிஸ்டம் ரீஸ்டோருக்கு எத்தனை சதவீதம் ஒதுக்கியிருக்கிறது என்றும் பாருங்கள். வீடியோ, போட்டோ, பழைய டவுன்லோடுகள் எல்லாம் வெளி டிரைவுக்குப் போக வேண்டியவை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஒருவேளை 512 ஜிபி எஸ்எஸ்டி மாற்றும் எண்ணம் இருந்தால், முதலில் குளோன் செய்துவிட்டு (டிஸ்க்கை அப்படியே பிரதியெடுப்பது), மேலே சொன்ன வேலையைப் புது எஸ்எஸ்டியில் செய்யுங்கள். முன்கூட்டியே செய்துவிட்டு அப்படியே குளோன் செய்தால், புது எஸ்எஸ்டியிலும் சி-க்கு அடுத்து விண்ஆர்இ துண்டு சுவராக வந்து நிற்கும். கூடுதலாக வந்த இடம் முழுவதும் அதற்கு அப்பால் கிடக்கும்.

சில மாதங்கள் கழித்துப் பெரிய அப்டேட் ஒன்றுக்குப் பிறகு இன்னொரு ரெக்கவரி துண்டு முளைத்திருந்தால் திகைக்க வேண்டாம். இருக்கும் துண்டில் இடம் போதவில்லை என்றால் விண்டோஸ் செட்டப் சி-யின் வாலிலிருந்து கொஞ்சம் வெட்டித் தனக்குப் புதிதாக ஒன்று உண்டாக்கிக்கொள்ளும். பழையதை அப்படியே அநாதையாக விட்டுவிடும். சிலரது டிஸ்க்கில் மூன்று நான்கு ரெக்கவரி துண்டுகள் இருப்பது இப்படித்தான். ரீஏஜென்ட்சி /இன்ஃபோ எந்த எண்ணைக் காட்டுகிறதோ அது தவிர மற்ற சின்ன ரெக்கவரி துண்டுகள் வெற்றுக் கூடுகள். அவற்றை மேலே சொன்னபடி பார்த்து, அழிக்கலாம்.

பழைய விண்டோஸ் 7 லேப்டாப்பில் இதைச் செய்ய வேண்டாம். அங்கே ரீசெட் வசதி கிடையாது. தொழிற்சாலை நிலைக்குப் போக அந்தப் பெரிய துண்டு ஒன்றுதான் வழி. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-இலேயே முடிந்துவிட்டதால், டிரைவர்களும் நிறுவும் ஃபைல்களும் நிறுவனத் தளங்களில் கிடைப்பது நாளுக்கு நாள் அரிதாகிறது. லைசென்ஸ் எண்ணும் மதர்போர்டில் இந்த முறையில் பதிந்திருக்காது. அடிப்பக்கத்து ஸ்டிக்கரில்தான், அதுவும் தேய்ந்துபோய் இருக்கும். பல மாடல்களில் ரெக்கவரி துண்டு சி-க்கு இடப்பக்கம் இருக்கும். அழித்தாலும் சி-யை இடப்பக்கமாக நீட்ட விண்டோஸில் வழியில்லை. முழு சி-யையும் நகர்த்த வேண்டும், நடுவில் மின்சாரம் போனால் எல்லாம் போகும். அதில் பூட் ஃபைல்கள் இருக்கும் 'சிஸ்டம் ரிசர்வ்டு' துண்டு 100 எம்பி. அதை ரெக்கவரி என்று நினைத்து அழித்துவிடுகிறவர்களும் உண்டு. அந்த லேப்டாப்பில் இடம் வேண்டுமென்றால் 'டிஸ்க் கிளீனப்'பை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து 'விண்டோஸ் அப்டேட் கிளீனப்'பில் டிக் போடுங்கள். பல ஆண்டு அப்டேட் எச்சம் என்பதால் ரெக்கவரி துண்டை அழித்துக் கிடைப்பதில் பாதியாவது அதிலேயே வந்துவிட வாய்ப்பிருக்கிறது. அடுத்த ரீஸ்டார்ட் மட்டும் வழக்கத்தைவிட நேரம் எடுக்கும், நடுவில் பவர் பட்டனை அழுத்தாமல் விட்டுவிடுங்கள்.